ஒரு கோடையின் சிவப்பு

"பச்சைதான்! சத்தியமா பச்சை. இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டுத்தானே, என்னைக் கட்டிக்கிறியான்னு உன்கிட்ட கேட்டேன்?" என்றார் ஆர்னால்ட்.

"சிவப்பு," என்றாள் அவர் மனைவி மேவிஸ். "மழை கொட்டுச்சு. கோட்டைக் கழட்டி என் தலைக்கு மேல பிடிச்சே. அதையே மறந்த ஆளு, நிறத்தைப் பத்திப் பேச வந்துட்டாரு!"

மழையும் சரி, கோட்டும் சரி, ஆர்னால்டுக்குச் சுத்தமாக நினைவில்லை. போன மாதம் வீட்டுச் சாவியைத் தேயிலை டப்பாவுக்குள் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடியவர் அவர். திங்கட்கிழமை மறதிப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எண்பத்தாறு வயதில் சாவி தொலைந்தால் தொலையட்டும். மேவிஸிடம் சம்மதம் கேட்ட நாளே கைநழுவிப் போனால் அப்புறம் என்ன மிச்சம்?

கடலோரப் பூங்காவின் அந்த இரும்பு வாத்திய மண்டபம் விக்டோரியா ராணி காலத்தது. கட்டியபோது இருந்த நிறத்தையே மறுபடியும் பூசுவது என்று நகராட்சி முடிவு செய்திருந்தது. அது என்ன நிறம் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை. அதனால் ஃப்ரேயா என்ற பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அவள் சின்னக் கத்தியால் ஒரு தூணின் பூச்சுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நீ அவகிட்டயே கேட்டுக்கோ. நான் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரேன்," என்று மேவிஸ் கிளம்பினாள்.

"அடியில என்ன கண்ணு இருக்கு?" என்றார் ஆர்னால்ட்.

"வான நீலம். இந்த இரும்புப் பூவுக்கெல்லாம் தங்கப் பூச்சு."

ஆர்னால்ட் கண்ணை மூடிக்கொண்டார். நீலத் தூண்கள், மினுமினுக்கும் பூக்கள், கீழே குடை பிடித்த சீமாட்டிகள். "அடடா! நாங்க பார்த்ததெல்லாம் வெந்த கீரை நிறந்தான். இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கலையே."

"உங்க பச்சையும் இருக்குங்க. முப்பது வருஷம் அதையேதான் திரும்பத் திரும்ப அடிச்சிருக்காங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப சிவப்பு?"

"அதுவும் இருக்கே! நடுவுல ஒரே ஒரு பூச்சு. நகராட்சிப் பதிவேட்டுல பார்த்தேன். 1958 கோடைக்கு மட்டும் அடிச்சாங்களாம். ஊரே கேலி பண்ணவும், அடுத்த வசந்தத்துல பழையபடி பச்சை."

நூல் கனம்கூட இல்லாத அந்தச் சிவப்பை ஆர்னால்ட் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேவிஸ் இரண்டு கோன் ஐஸ்களோடு வந்தாள். "என்னவாம்? யார் சொன்னது சரி?"

"நீ சொன்னதுதான். சிவப்பேதான்," என்றார். "இப்ப மழைகூட ஞாபகம் வந்துடுச்சு. கோட்டு நனைஞ்சு தொப்பலாப் போச்சு."

"அப்பாடா!" மேவிஸ் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "அந்த நாளையே மறந்துட்டியோன்னு பயந்தே போயிட்டேன்."

மேவிஸ் பிறந்து வளர்ந்த இந்த ஊருக்கு ஆர்னால்ட் முதன்முதலாக வந்து இறங்கியதே 1961-ல்தான்.