சைலன்சர் கேட்ட குரோம்

முலாம் பூசும் பட்டறையில் ஒரு பைக்கின் சைலன்சரும் மட்கார்டும் காத்திருந்தன. பைக் கீழே விழுந்ததில் இரண்டுமே ஒடுங்கியிருந்தன.

"எனக்குக் கறுப்புப் பெயின்ட் போதும். ஒடுக்கு அவ்வளவாகத் தெரியாது" என்றது மட்கார்டு.

"போடா பயந்தாங்கொள்ளி! எனக்குக் குரோம்தான். கண்ணாடி மாதிரி மின்னுவேன். அப்புறம் ஒடுக்கை எவன் பார்க்கப்போகிறான்?" என்றது சைலன்சர்.

சொன்னபடியே மின்னியது. கல்யாண மண்டப வாசலில் பைக் நின்றபோது, மாப்பிள்ளையின் நண்பர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, சைலன்சரில் முகம் பார்த்துத் தலை சீவினார்கள். ஒடுக்கில் ஒருவனுக்கு மூக்கு கோணியது, இன்னொருவனுக்குத் தாடை இழுத்துக்கொண்டது.

சைலன்சர் மட்கார்டைப் பார்த்துச் சிரித்தது.

"பாவம்டா! இந்த ஊரில் ஒருத்தனுக்காவது முகம் நேராக இருக்கிறதா, பார்!"