எங்கள் பேர் பெசெப்ரே

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் காசில்டா அம்மாள் அந்தப் பெரிய பதிவேட்டை என் முன்னால் விரித்து, ஒரு வரியை விரலால் தொட்டார்.

"இதோ, உங்க தாத்தாவோட தாத்தா, பிளாஸ் பெசெப்ரே."

மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கு நானும் என் மனைவி அசுசேனாவும் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். பிறந்து ஒன்பது நாளான எங்கள் மகளுக்கு யாருடைய குடும்பப் பேர் முன்னால் வருவது என்று அங்கே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் நாட்டில் பிள்ளைக்கு அப்பா பேர், அம்மா பேர் இரண்டும் உண்டு; முன்னால் வருவதுதான் நிற்கும். பின்னால் வருவது இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விடும்.

என் பேர் ஒழிந்தால் போதும் என்றுதான் இருந்தேன். பெசெப்ரே என்றால் மாட்டுத் தொட்டி. பள்ளியில் வாத்தியார் என் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்னாலிருந்து எவனாவது "ம்மா" என்று கத்துவான். இப்போது பஸ் ஓட்டுகிறேன். டிப்போவில் "என்ன தொட்டி, தீவனம் ஆச்சா?" என்பதுதான் எனக்குக் காலை வணக்கம். என் மகளுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

அசுசேனாதான் கேட்கவில்லை. தூக்கிப் போடுவதற்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்றாவது பார்த்துவிட்டு வா என்று துரத்தினாள். அவள் அப்படித்தான். சமையலறைத் திரை கிழிந்து கரித்துணி ஆனாலும், காற்றில் பறக்காமல் இருக்க அதன் ஓரத்தில் தைத்திருக்கும் ஈயவில்லையைப் பிரித்துப் புதுத் திரையில் தைத்துவிடுவாள். அது என் தாத்தா வீட்டு வில்லை. திரை போகலாம், வில்லை போகக் கூடாது என்பார் அவர். ஏன் என்று அவருக்கும் தெரியாது.

வரியைப் படித்தேன். தாய், தகப்பன் என்ற இடம் காலி. 1862 ஜனவரி 29, விடியற்காலையில் மடத்து அனாதை இல்லச் சுவரில், வெளியே வைத்துச் சுழற்றினால் உள்ளே போய்விடும் பெட்டியில், யாரோ விட்டுப்போன ஆண் குழந்தை. எண் 38.

மேலே பார்த்தால் பெசெப்ரே. கீழே பார்த்தால் பெசெப்ரே. பக்கத்தைப் புரட்டினேன், அங்கேயும் அதே.

கிறிஸ்துமஸ் தொடங்கி, பிப்ரவரி இரண்டாம் தேதி குடிலைப் பிரிக்கும் நாள் வரை வந்து சேர்ந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கன்னியர்கள் ஒரே பேரை வைத்திருக்கிறார்கள். குழந்தை இயேசுவைக் கிடத்திய தொட்டியின் பேர். இத்தனை வருஷம் நான் வெட்கப்பட்ட பேர்.

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சின்னச் சிலுவை. செத்துப்போனதற்கு அடையாளம் என்றார் காசில்டா. அந்தக் காலத்தில் பெரியம்மை வேறு.

எண்ணினேன். நாற்பத்தேழு வரி. நாற்பத்தேழு சிலுவை.

முப்பத்தெட்டிலும் சிலுவை. 1863 மே மாதம்.

போன வாரம்தான் மலைக்கிராமத்துக் கோயில் ஏட்டில் இதே பிளாஸுக்கு இருபத்தாறு வயதில் கல்யாணம் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஏழு பிள்ளைகள். அதில் ஒருவர் என் தாத்தாவின் அப்பா.

"ஒன்றரை வயசு கூட ஆகாம செத்த பிள்ளைக்கு ஏதும்மா கல்யாணம்?"

காசில்டா பூதக்கண்ணாடியை நகர்த்தினார். சிலுவைக்குப் பக்கத்தில் பொடி எழுத்து. பால் கொடுத்து வளர்க்க எடுத்துப்போன தோரிபியா என்பவள் நேரில் வந்து, குழந்தை இறந்துவிட்டது என்று சொன்னாள். அடக்கம் செய்த சீட்டு கொண்டுவரவில்லை. கழுத்து முத்திரையையும் ஒப்படைக்கவில்லை.

பால்குடி மறந்ததும் பிள்ளையைத் திரும்ப இல்லத்துக்கே கொண்டுவந்து விட வேண்டும், அதுதான் ஏற்பாடு என்றார் காசில்டா. விட்டால் என்ன ஆகும் என்று தோரிபியாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அங்கே பிள்ளைகள் பிழைப்பதில்லை என்பது ஊரெல்லாம் தெரிந்த கதைதானே.

அம்மாடி. நாற்பத்தாறு நிஜச் சிலுவைக்கு நடுவே ஒரு பொய்ச் சிலுவை. அந்தப் பொய்யால்தான் என் தாத்தா, என் அப்பா, நான், வீட்டில் தூங்கும் ஒன்பது நாள் குழந்தை எல்லோரும்.

பேரை மட்டும் அவள் மாற்றவில்லை. பெற்றவள் என்றைக்காவது தேடி வந்தால் ஒரு அடையாளம் வேண்டுமே என்று நினைத்தாளோ என்னவோ.

முத்திரை என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஈயத்தில், காசு அளவில் இருக்கும், எண் போட்டு நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுவார்கள் என்றார்.

வீட்டுக்கு போன் போட்டேன். சமையலறைத் திரையில் இருக்கும் வில்லையைத் திருப்பிப் பார் என்றேன். பிள்ளையைத் தூங்க வைப்பதா, உன் திரையைப் பார்ப்பதா என்று முணுமுணுத்துக்கொண்டே அசுசேனா போனாள். சுவரில் டொக் டொக்கென்று வில்லை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"தேஞ்சு போயிருக்கு," என்றாள். "மூணு. பக்கத்துல எட்டு."

பதிவேட்டின் மேல் கண்ணீர் விழாமல் இருக்க நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவள் ஒன்றுதான் கேட்டாள், யார் பேர் முன்னால் என்று. பெசெப்ரே என்றேன். எவன் வேண்டுமானாலும் "ம்மா" என்று கத்திக்கொள்ளட்டும்.

காசில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, முத்திரை இல்லத்தின் சொத்து, சட்டப்படி திருப்பித் தந்தாக வேண்டும் என்றார். வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது.

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்குங்கம்மா," என்றேன்.