மத்தூர் குடம்

"பேரு பெரியதம்பிங்க. மத்தூருல இருந்து வரேன்" என்று வந்தவர் சொன்னதும் சரஸ்வதியின் கையிலிருந்த உப்புத்தாள் நின்றுவிட்டது.

நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். குட்டையான ஆள். முன்நெற்றியில் முடி ஏறியிருந்தது. மீசைகூட இல்லை. அவள் நினைத்து வைத்திருந்தவருக்கும் இவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஓசூர் பாகலூர் சாலையில் ராமப்பனுடைய எவர்சில்வர் கடைக்குத் தபாலில்தான் வியாபாரம். பேப்பரில் விளம்பரம் பார்த்துவிட்டு ஊர் ஊராகக் கார்டு போடுவார்கள். கேட்ட பாத்திரத்தில் கேட்ட பெயரை வெட்டி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார் ராமப்பன்.

வேண்டாம் என்றும் கார்டு வரும். கல்யாணம் நின்றுவிட்டது, மாப்பிள்ளை ஓடிவிட்டான், அறுபதாம் கல்யாணத்துக்கு முன்பே பெரியவர் தவறிவிட்டார்.

அந்தப் பாத்திரங்களுக்குச் சிவப்பு நூல் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் அவற்றிலுள்ள பெயர்களை ராமப்பனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, தேய்த்து அழிப்பது சரஸ்வதியின் வேலை. சங்கரன்கோவிலிலிருந்து தனியாளாக இங்கே வந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ பெயர்களை அழித்தாயிற்று. பாவம் பார்த்தால் பிழைப்பு நடக்காது.

பெரியதம்பி சங்கடத்தோடு சிரித்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் கல்யாணத்துக்கென்று ஒரு குடம் சொல்லியிருந்தார்களாம். பெயரெல்லாம் வெட்டிய பிறகு பங்காளிச் சண்டையில் கல்யாணமே நின்றுபோக, வேண்டாமென்று கார்டு போட்டார்களாம். இப்போது சண்டை தீர்ந்து, அதே பெண்ணோடு வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

"அந்தப் புள்ளயும் வேற எங்கயும் கட்டிக்காம காத்துக்கிட்டே இருந்துச்சுங்க. அதே குடம் இருந்தா வாங்கிட்டு வரச் சொல்லுது."

ராமப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்று வருஷமாக எவன் வைத்திருப்பான், அன்றைக்கே அழித்து விற்றிருப்போமே என்றார்.

அவருக்கு மறந்துபோயிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி அந்தக் குடத்தை எடுத்துப் போனவள் சரஸ்வதிதான். பெயரை அழித்துவிட்டு எடுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருந்தார். அவள் அழிக்கவில்லை.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வந்தவரும் வேறொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். மூன்று வருஷம் காத்திருந்த பெண் என்று காதில் விழாமல் இருந்திருந்தால் சரஸ்வதியும் தலையாட்டித்தான் இருப்பாள். காத்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"எங்கிட்ட இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

அடுத்த தெருவிலிருக்கும் தன் அறைக்குப் போய், இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புளி போட்டு விளக்கி, முந்தானையாலேயே துடைத்துக் கொண்டுவந்தாள்.

"பேரு சரியா இருக்கான்னு படி" என்றார் ராமப்பன்.

வாரா வாரம் ஊரார் பெயரையெல்லாம் ஏலம் விடுகிற மாதிரி கூவுகிறவள், வாயைத் திறக்கவில்லை. ராமப்பன் மறுபடியும் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, பெயர் வெட்டியிருந்த பக்கத்தை மெல்ல அவர்கள் பார்வைக்குத் திருப்பினாள்.

பெரியதம்பியே எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பெரியதம்பி, சரஸ்வதி."

அட, உன் பேருதான் என்று ராமப்பன் சிரித்தார். பெயருக்குக் கீழே வெட்டியிருந்த பழைய முகூர்த்தத் தேதியை மட்டும் அவளே அழித்துக் கொடுத்தாள். பெரியதம்பி கும்பிட்டுவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். அவர் தலை மறையும்வரை சரஸ்வதி வாசலில் நின்றாள்.

சாயங்காலம் குழாயடியில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றவளை வீட்டுக்கார வெங்கடம்மா பிடித்துக்கொண்டாள். எங்கே உன் குடம் என்று கேட்டாள்.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வெங்கடம்மா வீடு கொடுப்பதில்லை. நாலு இடத்தில் இதே காரணத்துக்காகத் துரத்தப்பட்ட பிறகுதான் சரஸ்வதி அவளிடம் வந்தாள். கழுத்தில் தானே வாங்கிக் கட்டிக்கொண்ட மஞ்சள் கயிறு. புருஷன் பம்பாயில் மில் வேலையில் இருப்பதாகச் சொன்னாள். அவன் பெயரென்ன என்று வெங்கடம்மா கேட்டபோது, புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லலாமா என்று தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பிலிருந்த குடத்தைத் திருப்பிக் காட்டினாள்.

பிறகு பழகிப்போனது. அவருக்குப் புளிப்பு ஆகாது, கோபமே வராது, பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ஆளில்லாத அறையில் பேச்சுத்துணைக்கு ஒருவர் வந்துவிட்டார்.

இப்போது என்ன பொய் சொல்வதென்று யோசித்தாள். ஒன்றும் வரவில்லை. உண்மைதான் வந்தது.

"அவுகளுக்குக் கல்யாணம்க்கா. வந்து குடத்த வாங்கிட்டுப் போயிட்டாக."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நிஜமான அழுகை. குழாயடியில் இருந்த பெண்களெல்லாம் தண்ணீரை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

வெங்கடம்மா அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நீ எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இரு, எவள் என்ன பேசுகிறாள் பார்க்கிறேன் என்றாள். பிறகு மண்ணை வாரித் தூற்றி, அந்தப் பாவி விளங்காமல் போக, கட்டுகிற தாலி நிலைக்காமல் போக என்று ஆரம்பித்தாள்.

சரஸ்வதி பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.

"அப்படிச் சொல்லாதீகக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்."