இருபத்து மூன்றாவது வரி

பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் அவள், வருடத்துக்கு இருபத்தைந்து புத்தகம் என்று வைராக்கியமாகப் படிப்பவள். முடித்த அன்றே நோட்டில் தலைப்பையும் தேதியையும் எழுதிவிடுவாள். இந்த நவம்பரில் இருபத்திரண்டாவதை எழுதப் போனால், அடுத்த வரியில் இருபத்து மூன்றாவது ஏற்கெனவே இருந்தது. அவளுடைய கையெழுத்தேதான். தலைப்பு அவள் கேள்விப்படாதது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் ‘பாதியில் நின்றது’ என்று எழுதியிருந்தது.

எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை; உயிர் இருக்கும்வரை விடவும் மாட்டாள். நோட்டைக் கணவனிடம் காட்டினாள்.

“தூக்கக் கலக்கத்துல நீயே எழுதியிருப்பே, விடு,” என்றான் அவன்.

அந்தப் புத்தகத்தை ஆயுசுக்கும் தொடுவதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி உலர்த்திவிட்டு வந்தாள். செய்தித்தாளைக்கூடப் புரட்டாத கணவன், சோபாவில் சாய்ந்து அதே புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

“நீ இவ்ளோ பயந்தியே, அப்படி என்னதான் இருக்குன்னு லைப்ரரில எடுத்தேன். விறுவிறுன்னு போகுது.”

“எவ்வளவு படிச்சிருக்கீங்க?”

“பாதிக்கு இன்னும் ஒரே ஒரு பக்கம்.”

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டாள். பிடுங்கப் பாய்ந்தாள். அவன் சிரித்தபடியே புத்தகத்தை எட்டாத உயரத்துக்குத் தூக்கி, பக்கத்தைத் திருப்பினான்.