கடிதத்தில் ஒரு ‘சாரி’

அயர்லாந்தின் கானமாராக் கரையில், நோரீனின் சமையலறை ஜன்னலில் மழை வெளிச்சம் மங்கலாக நிற்கிறது. படகுத்துறை விளக்கு எரியாததால் படகு பாறையில் மோதி அவள் கணவன் இறந்து மூன்று மாதம் ஆகிறது. படகுத்துறை நிர்வாகத்தின் ஆங்கிலக் கடிதத்தை ஐரிஷில் பெயர்க்க வந்திருக்கும் மாரேட், ‘சாரி’ என்ற சொல்லில் நின்றுபோய், அதை எழுதிய அதிகாரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறாள். “சார், ஐரிஷ்ல துக்கம் சொல்ல ஒண்ணு, மன்னிப்புக் கேக்க வேற ஒண்ணு. எதைப் போடட்டும்?” “துக்க வீட்டுல கைகுடுத்துச் சொல்வோமே, அதாம்மா.” நோரீன் தேநீர் ஊற்றியபடியே சொல்கிறாள்: “கைகுடுக்க ஊரே வந்துச்சு, இவரு வரலை. மன்னிப்பையே போடு, மாரேட்.” அதிகாரி சொல்கிறார்: “வக்கீல்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.” நோரீன் கடிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகுகிறாள். மாரேட்டின் கோப்பையில் தேநீர் அசையாமல் நிற்கிறது.