தீப்பெட்டிகளின் சமாதானம்

வைக்கோல் போருக்குள் இரண்டு தீப்பெட்டிகள் எதிரெதிரே முறைத்துக்கொண்டு கிடந்தன. நடுவில் குட்டிகளோடு குடியிருந்த சுண்டெலிக்குத் தூக்கமே போயிற்று. அரசியல் புத்தகங்களாகத் தின்று கொழுத்த கரையானைப் பேச்சுவார்த்தைக்குக் கூட்டி வந்தது.

"ரெண்டு பேரும் குச்சியை நனைச்சிடுங்கப்பா" என்றது கரையான்.

நனைத்துவிட்டதாக இரண்டும் சத்தியம் செய்தன.

"அவன் பேச்சை எப்படிப் பெரியவரே நம்புறது?" என்றது சிவப்புப் பெட்டி.

"உன்னை மட்டும் நம்பணுமாக்கும்!" என்றது நீலப் பெட்டி.

"சண்டை எதுக்கு? சேர்ந்தே உரசிக் காட்டுங்க. தீப்பிடிக்கலைன்னா சமாதானம்" என்றது கரையான்.

"பிடிச்சிட்டா?" என்றது சுண்டெலி.

"அந்த அத்தியாயத்தை நான் இன்னும் தின்னலை தாயி."

சுண்டெலி குட்டிகளை வாரிக்கொண்டு ஓடியது. பின்னால் கரையான் உற்சாகமாக, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணிக்கொண்டிருந்தது.