இரண்டாவது பதில்

ஆய்வுக்காக வந்தவள் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். திருப்பிக் கேட்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. அவள் வேலை அப்படி. மேசையிலுள்ள மருந்துப் புட்டிகள் மேல் ஜன்னல் வெயில் விழுகிறது. உள்ளறையில், பதில் சொல்ல வேண்டிய பெண்ணின் அப்பா இருமுகிறார். அந்தப் பெண் காதை அங்கே வைத்துக்கொண்டு பாலை ஆற்றுகிறாள். "இல்லக்கா. சின்ன வயசுல என்னை யாரும் அடிச்சதில்ல." இரண்டு வருடத்துக்கு முன்பு, அவள் தங்கியிருந்த விடுதி அறையில், இதே கேள்விக்கு இதே வாய்தான் அப்பாவுடைய பெல்ட்டின் நிறம்வரை சொன்னது. எது பொய் என்று யோசிக்கவும் வந்தவளுக்கு இன்று தெம்பில்லை. 'இல்லை' என்று குறித்துக்கொண்டு எழுகிறாள். "அக்கா, போன தடவை நான் சொன்னத அழிச்சிடுவீங்களா?" பெண்ணின் குரல் இறங்குகிறது. "மாட்டோம்மா." பால் ஆற்றும் கை நிற்கிறது. "அழிச்சிராதீங்க. அது அங்கயே இருக்கட்டும்." மறுபடி இருமல். "தோ, வந்துட்டேன்ப்பா" என்று டம்ளரோடு உள்ளே போகிறாள்.